நூற்று எண்பத்திரண்டு உசாத்துணையும் ஒரு சுழியும்

மலரக்காவுக்குக் கோபம் வராது. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்குத்தான் வரும். ஒன்பது வருஷமாக ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் இருக்கிறோம். அறையில் ஒரு ஜன்னல், சுற்றும்போதெல்லாம் கத்துகிற ஒரு மின்விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. பெட்டியின் கீழ்த்தட்டில் பாம்பு விஷம், மேல்தட்டில் எங்கள் மத்தியானச் சாப்பாடு. இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்று அதன் கதவில் ஒட்டியிருக்கிற அறிவித்தலை எழுதியவளும் நான்தான்.

அவருடைய முழுப்பெயர் இராசமலர் கேதீஸ்வரன். ஊர் உரும்பிராய். பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம் படிப்பிக்கிறார். பதவி, தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு தை மாதமும் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கிறோம் என்று ஒரு கடிதம் வரும். அதை அவர் இரண்டு கையாலும் வாங்குவார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னைவிட நன்றாகப் படிப்பிக்கிறவர். ஆனால் நான் நிரந்தரம், அவர் தற்காலிகம்.

நிரந்தரப் பதவிக்கான முதல் நேர்முகத்தில் கலாநிதிப் பட்டம் (பிஎச்டி) இல்லை என்றார்கள். மூன்று வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு, நாலு வருஷம் ஒரு குளிர் நாட்டில் இருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது நேர்முகத்தில் முதற்பெயராக எழுதிய கட்டுரைகள் போதாது என்றார்கள். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். மூன்றாவது நேர்முகம் அடுத்த வருஷ ஐப்பசியில் என்று போன வருஷத் தொடக்கத்தில் அறிவித்தல் வந்தபோது, நான்தான் மேசையில் தட்டிச் சொன்னேன். "மலரக்கா, இந்த முறை ஒரு கட்டுரை குறைஞ்சதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

இதை விட்டால் அடுத்த பதவி வெற்றிடம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தேவை ஒன்றே ஒன்று: ஐப்பசிக்கு முன்னால், ஒரு நல்ல சஞ்சிகை ஏற்றுக்கொண்ட ஒரு கட்டுரை.

பரிசோதனை செய்து எழுத வழியில்லை. எங்கள் பெரிய இயந்திரம் ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்காக இரண்டு வருஷமாகப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதனால் மீளாய்வுக் கட்டுரை என்று முடிவாயிற்று. மீளாய்வு என்றால் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன அத்தனையையும் வாசித்து, எது நிற்கும், எது நிற்காது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லவேண்டும். கேட்கச் சுகமான வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும், மற்றவன் செய்த பிழையைக் கண்ணியமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டமென்று. எனக்கு அந்தக் கண்ணியம் கிடையாது. மலரக்காவுக்கு உண்டு.

விஷயம் அவருக்கு முன்பே தயாராக இருந்தது. கண்ணாடி விரியன் என்கிற புடையன் பாம்பின் விஷத்தில் இருக்கிற புரதங்கள். அவர் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தகப்பனை வெங்காயத் தோட்டத்துத் தறையில் வைத்துப் புடையன் கடித்தது. தெல்லிப்பழை ஆசுபத்திரியில் பதினாறு நாள் கிடந்து, பிழைத்து வந்தார். எண்பத்தொரு வயதில் இன்றைக்கும் தறைக்குப் போகிறார், பூட்சு போட்டுக்கொண்டு. "ஐயாவின்ரை ரத்தம் ஏன் உறையேல்லை எண்டு அண்டைக்கு ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தேல்லை" என்று மலரக்கா ஒருமுறை சொன்னார். அதை விளங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு படிப்பும் படித்திருக்கிறார் போல.

பதினான்கு மாதம் வாசித்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் கொப்பியில் ஒரு பக்கம்: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், நம்பலாமா. அப்படி ஆறு கொப்பி நிறைந்தது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல் நூற்று எண்பத்திரண்டில் வந்து நின்றது. அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்த ஒரே ஆள் இந்த உலகத்தில் மலரக்காவாகத்தான் இருக்கும். படங்களைக் கீறியது நான். எனக்குக் கை வரும், பொறுமைதான் வராது. அதனால் இரண்டாவது பெயர் என்னுடையது.

எழுதி முடிப்பதைவிட அனுப்புவது பெரிய சீவன் போகிற வேலை. அந்தப் புரத விஞ்ஞானச் சஞ்சிகை எழுதுவோருக்கென்று முப்பத்தொரு பக்கத்தில் அறிவுறுத்தல் போட்டிருந்தது. சுருக்கம் இருநூறு சொல்லுக்குள். மற்றவர் படத்தைப் பார்த்துக் கீறியிருந்தால் அவரிடம் அனுமதிக் கடிதம். யார் எழுதினது, யார் கீறினது, யார் திருத்தினது என்று தனித்தனி வாக்குமூலம். மலரக்கா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு ஐந்துக்கு எல்லாம் தயார். கடைசிப் பொத்தானை அமத்த வேண்டியதுதான் மிச்சம்.

"ஒண்டரை ஆகட்டும் நிரோ" என்றார்.

"ஏன்?"

"இப்ப இராகுகாலம்."

"புரதத்துக்கு என்ன இராகுகாலம்? எங்கடை சேர்ச்சிலை உதெல்லாம் இல்லை, நான் அமத்திறன், என்னிலை ஒட்டாது."

சிரித்தாரே தவிர விடவில்லை. ஒன்று முப்பத்திரண்டுக்கு, "இப்ப நீரே அமத்தும்" என்றார். நான்தான் அமத்தினேன். அன்றைக்கு மேல்தட்டிலிருந்து எடுத்த சோறு அப்படி ருசித்தது.

ஆறாம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது, இரண்டு பேருக்கும். நான்தான் முதலில் திறந்தேன்.

உங்கள் பிரதியின் முதல் பக்கத்தில், தலைப்புக்கு மேலே, வெள்ளை நிறத்தில் மறைக்கப்பட்ட எழுத்து இருப்பதை எமது பரிசோதனை காட்டியுள்ளது. இதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். விளக்கம் திருப்தி தராதவிடத்து கட்டுரை நிராகரிக்கப்படும். உங்கள் நிறுவனத்தின் தலைவருக்கும் அறிவிக்கப்படும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது ஒரு புதுக் கள்ளம் வந்திருக்கிறது. கட்டுரையை மதிப்பிடச் சொன்னால், சில மதிப்பீட்டாளர்கள் தாங்கள் வாசிக்காமல் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வாசிப்பிக்கிறார்கள். அதை அறிந்த சில எழுத்தாளர்கள், 'இந்தக் கட்டுரையைப் புகழ்ந்து எழுது' என்று வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் ஒளித்து எழுதிவிடுகிறார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் வாசித்துக் கீழ்ப்படியும். அதைப் பிடிக்கத்தான் சஞ்சிகைகள் சல்லடை போடுகின்றன. அந்தச் சல்லடையில் நாங்கள் விழுந்திருக்கிறோம்.

எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவே இல்லை. "எங்களைக் கள்ளர் எண்டு சொல்லினம் மலரக்கா! இவையின்ரை மிசின் பிழை, எங்கடை தலையிலை கட்டப் பாக்கினம்!" விசைப்பலகையை அடித்து அடித்துப் பதில் எழுதத் தொடங்கினேன். மூன்று பந்தி போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தால், மலரக்காவின் முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"நிரோ, உதை அனுப்பாதேயும்."

"ஏன்?"

"அது மிசினின்ரை பிழை இல்லை. நான் போட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் கணினியில் கட்டுரையைத் திறந்து, முதல் பக்கத்தின் மேலே, ஒன்றுமில்லாத இடத்தை இழுத்துத் தெரிவுசெய்து, நிறத்தைக் கறுப்பாக்கினார். தலைப்புக்கு மேலே, நடுவில், சின்னதாக ஒரு எழுத்து தோன்றியது.

உ.

பிள்ளையார் சுழி.

நான் தெல்லிப்பழையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பரீட்சைத் தாளில் பேர் எழுத முன் அதைப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் மலரக்காவின் கொப்பிகளில் அது இருந்தும் என் கண்ணில் பட்டதில்லை. கையால் எழுதுகிற தாளில் யார் போட்டாலும் யாருக்கு என்ன? ஆனால் உலகத்தின் மறு அந்தத்துக்குப் போகிற ஒரு விஞ்ஞானக் கட்டுரையில், அதுவும் வெள்ளையில்!

"விசரோ மலரக்கா உங்களுக்கு? வெள்ளையிலை ஏன் போட்டனீங்கள்?"

"கறுப்பிலை போட்டால் என்னெண்டு கேப்பினம்."

"இப்ப மட்டும் கேக்கேல்லையோ?"

நான் விடவில்லை. சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். பதினான்கு மாதத்து வேலையை ஒரு எழுத்தால் கவிழ்த்துவிட்டீர்கள் என்றேன். எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதிக்குக் கடிதம் போனால் நிரந்தரம் கிடக்கட்டும், தற்காலிகமும் போகும் என்றேன். எல்லாவற்றிலும் கேவலமாக, "என்ரை பேரும் அதிலை கிடக்குது" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"உம்மடை பேரை எடுத்துவிடச் சொல்லி இப்பவே எழுதிறன்" என்றார் மலரக்கா. குரல் உயரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேல்தட்டில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி அப்படியே இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். விடிந்து எழும்பித்தான் வெட்கம் வந்தது. சனிக்கிழமை வரைக்கும் அவர் விடுமுறை போட்டிருந்தார். சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன்.

வீட்டில் மலரக்காவின் கணவர் கேதீஸ் அண்ணை வாசலுக்கே வந்தார். சாவகச்சேரிக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், இலிகிதராக இருக்கிறார். வழக்கு, தவணை, சாட்சி என்பதைத் தவிர வேறு பாஷையில் அவருக்குக் கதைக்க வராது. "வாங்கோ தங்கச்சி, இரண்டாம் எதிரியும் வந்திட்டா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கோட்டில் எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். மலரக்கா குசினியிலிருந்து வந்து என்னைக் கண்டதும் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். "தேத்தண்ணி குடியும்" என்றார். அவர் மன்னிக்கிற விதம் அது.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

"அங்கை படிக்கேக்கை முதல் அத்தியாயத்தை எழுதிக் குடுத்தனான். கறுப்பிலைதான் சுழி போட்டிருந்தனான். பேராசிரியர் அதைச் சிவப்பாலை வட்டம் போட்டு, உது என்ன, தட்டச்சுப் பிழையோ எண்டு கேட்டவர். நல்ல மனுசன், குறையாக் கேக்கேல்லை. அறையிலை இன்னும் நாலு பேர் இருந்தவை. நான் ஓம் எண்டு சொல்லிட்டன் நிரோ. பிழை எண்டு சொல்லிட்டன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பிறகு போடாமல் எழுதிப் பாத்தன். கை ஓடேல்லை. போடவும் வெக்கம், விடவும் ஏலாது. அதாலை வெள்ளையிலை போட்டன். அண்டைக்குத் தொடங்கினது."

அவருடைய கிண்ணத்தில் நான் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

கேதீஸ் அண்ணைதான் எழும்பினார். "சரி. இப்ப வழக்கு என்ன? ஒளிச்சு வைச்ச எழுத்து, மதிப்பீட்டாளருக்கு இரகசியக் கட்டளை எண்டு அவை சந்தேகப்படினம். இல்லை, பழக்கம் எண்டு நாங்கள் சொல்லுறம். வாயாலை சொன்னால் எடுபடாது. சான்றுப்பொருள் வேணும். மலர், எங்கை எங்கையெல்லாம் போடுறனீர்?"

"எல்லாத்திலையும்தான்."

"அப்ப எல்லாத்தையும் எடும்."

பிறகு அந்த வீட்டைத் தலைகீழாக்கினோம். மலரக்காவின் பள்ளிக்கூட இரசாயனக் கொப்பி. குளிர் நாட்டில் எழுதிய ஆய்வுக் கொப்பி. அவர்களின் கலியாணக் காட். ஐயா வெங்காயத்துக்கு மருந்தடித்த திகதி எழுதுகிற கொப்பி. மகள் கஜானியின் கணிதக் கொப்பி, அதில் சுழிக்கு ஒரு பூவும் வரைந்திருந்தாள். மின்சாரம் அடிக்கடி நிற்கிறது என்று மலரக்கா எழுதி அனுப்பாமல் விட்ட முறைப்பாடு. ஒவ்வொன்றுக்கும் கேதீஸ் அண்ணை சின்னத் துண்டில் இலக்கம் எழுதி ஒட்டினார். நான் கைத்தொலைபேசியால் படம் எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சாமான் துண்டு ஒட்டியிருந்தது. உ. கத்தரிக்காய், பயிற்றங்காய், பருப்பு, சவர்க்காரம்.

"சவர்க்காரத்துக்கும் பிள்ளையாரோ?" என்று கேட்டேன்.

"சவர்க்காரத்துக்கு இல்லை, துண்டுக்கு" என்றார் மலரக்கா. மின்னஞ்சல் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். அதுவும் ஏழாம் இலக்கச் சான்றாயிற்று.

கேதீஸ் அண்ணைக்குத் திருப்தி வரவில்லை. "உதெல்லாம் சுழிக்குச் சாட்சி. வெள்ளைக்கு எங்கை சாட்சி? வெள்ளையிலை இந்த ஒரு கட்டுரையிலை மட்டும் போட்டிருந்தால் சந்தேகம்தான். எப்பவும் அப்பிடித்தான் போடுறவ எண்டு காட்டினால் தப்பலாம்."

மடிக்கணினியைத் திறந்தோம். நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து முதல் வரிக்கு நிறம் மாற்றினேன். விரிவுரைக் குறிப்பு, உ. விடுமுறை விண்ணப்பம், உ. வினாத்தாள், உ. ஒன்பது வருஷமாக எங்கள் மாணவர்கள் தெரியாமலே பிள்ளையார் சுழியோடு பரீட்சை எழுதியிருக்கிறார்கள். பிறகு என் பெயரில் ஒரு கோப்பு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் எனக்குப் பதவி உயர்வு வந்தபோது, கூடப் படிப்பிக்கிற ஒருவர் என் விரிவுரையைப் பார்த்து மதிப்பீடு எழுதவேண்டும் என்றார்கள். மலரக்காதான் எழுதினார். இரண்டு பக்கம், என்னைப் பற்றி அப்படி நல்லபடியாக. அதை அவர் தற்காலிகமாக இருந்துகொண்டு, நான் மேலே போக எழுதினார். நிறத்தை மாற்றினேன். அதன் தலையிலும் இருந்தது.

நான் அந்தப் பதவி உயர்வுக்காகச் சேர்ச்சில் முழங்காலில் நின்று செபித்தவள். இவர் பேசாமல் என் மதிப்பீட்டுக்கு மேலே பிள்ளையாரை இருத்தி அனுப்பியிருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினேன்.

"என்ன நிரோ?"

"ஒண்டுமில்லை. ரண்டு பக்கத்தாலையும் பாத்துத்தான் தந்திருக்கினம் போல."

கடிதம் எழுதுவதில் மறுபடி சண்டை வந்தது. நான் நாலு பக்கம் எழுதினேன். எங்கள் பண்பாடு, அதன் பழமை, அவர்களுடைய அறியாமை என்று எல்லாம் போட்டிருந்தேன். மலரக்கா வாசித்துவிட்டு, "நல்லா இருக்குது, ஆனால் இது உம்மடை கோபம், என்ரை விளக்கம் இல்லை" என்றார். அவர் எழுதியது ஒன்பது வரி. ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இப்படி வரும்:

அது யாருக்குமான கட்டளை அல்ல. எங்கள் ஊரில் எதை எழுதத் தொடங்கினாலும், அது தடையில்லாமல் முடியவேண்டும் என்று மேலே இடுகிற குறி. ஐந்து வயதிலிருந்து இடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் இது என்ன பிழையா என்று கேட்டபோது, வெட்கத்தில் ஆம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அதை வெள்ளையில் ஒளித்தேன். குறி பிழை அல்ல. ஒளித்ததுதான் பிழை. அதற்கு வருந்துகிறேன். என் சக எழுத்தாளருக்கு இது எதுவும் தெரியாது. பதினான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அனுப்பினோம். அந்தக் கடிதத்தின் தலையில் சுழியைக் கறுப்பில் போட்டிருந்தார். நான் இராகுகாலம் பார்த்துச் சொன்னேன், ஏழரையிலிருந்து ஒன்பது, அது கழிந்துவிட்டது என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பீடாதிபதியின் பியோன் எங்கள் அறைப்பக்கம் வந்தாலே மலரக்காவின் கை நின்றுவிடும். எனக்குத் தலையிடி என்று மாணவர்களை ஏசினேன். அவர் பாடத்தை ஒழுங்காக எடுத்தார், விடைத்தாள் திருத்தினார், வேலை போனால் வீட்டில் ரியூஷன் கொடுக்கலாம் என்று ஒருமுறை, சும்மா சொல்வதுபோல, சொன்னார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. அவர் திறக்கமாட்டேன் என்றார். நான் வாசித்தேன்.

உங்கள் விளக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம். குறியில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒளித்து வைத்த எழுத்தை மட்டுமே எங்கள் விதி அனுமதிப்பதில்லை. அதை எடுத்துவிட்டு அனுப்பலாம், அல்லது மற்ற எழுத்தைப்போலக் கறுப்பில் போட்டு அனுப்பலாம். அச்சுக்குப் போகும்போது எப்படியும் நீக்கப்படும். ஏழாம் இலக்கப் படம் எங்களுக்கு மிகவும் உதவியது. மரக்கறிப் பட்டியலுக்கு மேலே மதிப்பீட்டாளருக்கு யாரும் கட்டளை எழுதமாட்டார்கள். உங்கள் கட்டுரை மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறது.

"திருப்பி வாசியும்" என்றார் மலரக்கா. திருப்பி வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசித்தேன். அவர் மேசையில் தலையை வைத்து அழுதார். ஐந்து நாள் அழாதவர். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டிவிட்டேன். அது கத்தியது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம், நிற்பாட்ட முடியாமல். பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் செபநாயகம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். மேல்தட்டிலிருந்து சாப்பாட்டை எடுத்தோம். பத்தரை மணிக்கே சாப்பிட்டோம்.

மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். ஒருவர் பாராட்டினார். மற்றவர் பத்தொன்பது குறை சொன்னார், அதில் பதினாறு நியாயமானவை. எனக்கு மிச்ச மூன்றில்தான் கண். மலரக்கா பத்தொன்பதுக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். திருத்திய கட்டுரையின் தலையில், மற்ற எழுத்தின் அளவிலேயே, கறுப்பில், சுழி. "எடுத்துவிடலாம் எண்டும் சொல்லியிருக்கினமே" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "போடலாம் எண்டும் சொல்லியிருக்கினம்" என்றார்.

புரட்டாதி கடைசியில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. ஐப்பசி ஆறாந் திகதி நேர்முகம். மலரக்கா அந்தக் கடிதத்தைக் கோப்பில் முதலாவதாக வைத்துக்கொண்டு போனார். இந்த முறை எது குறைவு என்று அவர்களுக்குத் தேடக் கிடைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து நியமனக் கடிதம் வந்தது, தற்காலிகம் என்ற சொல் இல்லாமல். அதையும் இரண்டு கையாலும்தான் வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை. கேதீஸ் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "எதிரி விடுதலை" என்று கோட்டிலிருந்த எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிழமையே கட்டுரையின் அச்சுப்படி வந்தது, சரிபார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லி. அச்சுக்கோத்த நிறுவனம் சென்னையில். எங்களிடம் பதினேழு கேள்விகள் கேட்டிருந்தார்கள். வழக்கமாக முதல் கேள்வி பெயர் சரியா, முகவரி சரியா என்றுதான் இருக்கும். இதில் முதல் கேள்வி வேறு.

முதல் பக்கத்தில் தலைப்புக்கு மேலே உள்ள குறியை நீக்கும்படி சஞ்சிகையின் குறிப்பு சொல்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால், உங்களைக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. நீக்கலாமா?

ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தார்கள். கேட்டவரின் பெயர் இல்லை. நான் மலரக்காவைப் பார்த்தேன். "வேண்டாம் எண்டு எழுதுங்கோ மலரக்கா. அவ்வளவு பாடுபட்டனாங்கள். கிடக்கட்டும் அங்கை."

மலரக்கா அந்தப் பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். தலைப்புக்கு மேலே, அச்சு எழுத்தில், கறுப்பாக, ஒளிவுமறைவில்லாமல் அது இருந்தது. அவருக்கு அது போதும் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு விடை எழுதுகிற கட்டத்தில் நிதானமாகத் தட்டினார்.

நீக்கலாம். அது தன் வேலையை முடித்துவிட்டது. நன்றி.